மூளையில் என்கெஃபலின் சிதைவு: இரு நொதிகளின் பங்கு
1975இல் அபர்டீன் பல்கலைக்கழகத்தின் ஹியூஸ், காஸ்டர்லிட்ஸ் குழுவினர் பன்றி மூளையிலிருந்து பிரித்தறிந்த என்கெஃபலின்கள், ஐந்து அமினோ அமிலங்களாலான வலியடக்கும் பெப்டைடுகள் ஆகும். நரம்பணுவிலிருந்து வெளிப்பட்டதும் இவை மிக விரைவாகச் சிதைக்கப்படுகின்றன. அமினோபெப்டிடேஸ்-என் என்னும் நொதி முதல் அமிலமான டைரோசினை நீக்குகிறது. நெப்ரிலைசின், மூன்றாவதான கிளைசினுக்கும் நான்காவதான பினைல்அலனினுக்கும் இடையிலுள்ள பிணைப்பை அறுக்கிறது. இரண்டும் செல்சவ்வில் அமைந்தவை. வினைமையத்தில் துத்தநாக அயனி கொண்டவை. ஒன்றைத் தடுத்தால் மற்றொன்று சிதைவைத் தொடரும். ஆகவே இரண்டையும் ஒருங்கே தடுக்கும்போதே வலியடக்கம் மிகுகிறது. எனினும், அல்சைமர் நோயில் மூளையில் படியும் அமிலாய்டு-பீட்டாவைச் சிதைக்கும் முதன்மை நொதிகளுள் நெப்ரிலைசினும் ஒன்று. எனவே, இவ்வகை வலிமருந்தாய்வில் நீண்டகாலத் தடுப்பின் விளைவும் உடன் ஆராயப்படல் வேண்டும்.