ஜார் காலத்து சூப்பர் மார்க்கெட்: யெலிசேயெவ் குடும்பத்தின் கதை

ஸ்டார்ட்அப் கதைன்னா நமக்கு கேரேஜ், லேப்டாப், முதலீட்டாளர் இதெல்லாம்தான் ஞாபகம் வரும். 200 வருஷத்துக்கு முன்னாடி ரஷ்யாவில் தொடங்கிய ஒரு கதையில் ஆரம்ப முதலீடே 100 ரூபிள்தான். அதைப் போட்டவர் அதுவரைக்கும் இன்னொருத்தரோட சொத்து. அவருக்கு சொத்து இருந்ததுன்னு சொல்லல, அவரே சொத்து!

ரஷ்யாவில் 1861 வரை பண்ணையடிமை முறை இருந்தது. விவசாயி நிலத்தோடு சேர்த்து பிரபுவுக்குச் சொந்தம். கல்யாணம் பண்ணவும் வெளியூர் போகவும் எஜமானோட அனுமதி வேணும். யாரோஸ்லாவ்ல் மாகாணத்தைச் சேர்ந்த பியோத்தர் யெலிசேயெவ், ஷெரெமேத்தெவ் என்ற பெரும் பணக்கார பிரபுக் குடும்பத்தின் பண்ணையடிமை.

குளிர்காலத்தில் ஸ்ட்ராபெரி

குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லும் கதை இது. 1812 கிறிஸ்துமஸ் சமயம், வெளியே முழங்கால் வரை பனி. அப்போ பியோத்தர் பிரபுவோட மேஜையில் புது ஸ்ட்ராபெரி பழங்களை வைத்தார். கண்ணாடிக் கூடத்தில் ரகசியமாக வளர்த்தவை. அசந்துபோன பிரபு "என்ன வேணும் கேள்" என்றாராம். பியோத்தர் கேட்டது விடுதலை. விடுதலையோடு தொழில் தொடங்க 100 ரூபிளும் கிடைத்தது. இதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு மசாலா என்பதை விடுங்க. 1813-ல் அவர் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் வந்து, நெவ்ஸ்கி வீதியில் ஆரஞ்சு விற்க ஆரம்பித்தது வரலாறு. அந்த ஆரஞ்சுக் காசில் சீக்கிரமே தன் சகோதரனையும் பிரபுவிடமிருந்து விலை கொடுத்து மீட்டார்.

பழத்திலிருந்து ஒயினுக்கு

இங்கேதான் நம்ம மாதிரி ஆட்களுக்குப் பிடிக்கிற விஷயம் வருது. ஆரஞ்சு ஒவ்வொரு நாளும் மதிப்பை இழக்கும். ஒயின் சரியா பாதுகாத்தால் வருஷா வருஷம் மதிப்பு கூடும். போதாததுக்கு, குளிர்காலத்தில் நேவா ஆறு உறைஞ்சுடும். மாதக்கணக்கில் கப்பல் வராது. அதனால் கப்பல் வரும் மாதங்களில் வாங்கிச் சேர்த்து வைக்க இடம் உள்ளவன்தான் வியாபாரி. யெலிசேயெவ் குடும்பம் வசீலியெவ்ஸ்கி தீவில், பங்குச் சந்தைக்குப் பக்கத்தில் பெரிய நிலவறைகள் அமைத்தது. ஐரோப்பாவிலிருந்து ஒயினைப் பீப்பாய் பீப்பாயாக இறக்கி, தங்கள் நிலவறையிலேயே முதிர வைத்து, பாட்டிலில் அடைத்து விற்றார்கள். சரக்கு ஏற்ற சொந்தக் கப்பல்களும் வாங்கினார்கள். இன்னைக்கு நாம சப்ளை செயின்னு சொல்றதுதான் இது.

மகன்கள் காலத்தில் 'யெலிசேயெவ் சகோதரர்கள்' என்ற நிறுவனம் உருவாச்சு. 1874-ல் அரண்மனைக்குச் சரக்கு அளிப்போர் என்ற பட்டமும் கிடைத்தது.

மூடிய பலகைகளுக்குப் பின்னால்

உச்சம் தொட்டவர் பேரன் கிரிகோரி. மாஸ்கோவின் த்வெர்ஸ்கயா வீதியில் ஒரு பழைய மாளிகையை வாங்கி, முழுக்கப் பலகையால் மூடி வேலை பார்த்தார். உள்ளே என்ன நடக்குதுன்னு ஊரெல்லாம் வதந்தி. 1901-ல் திறந்தபோது சரவிளக்கு, தங்கப் பூச்சு, கூரையைத் தொடும் அலங்காரம்! சிப்பி, டிரஃபிள் காளான், ஆலிவ் எண்ணெய் எல்லாம் இருந்தது. தேங்காயையும் வாழைக் குலையையும்கூட அதிசயப் பொருளாக அடுக்கி வைத்திருந்தார்கள். நம்ம வீட்டுக் கொல்லையில் சாதாரணமா கிடக்கிற தேங்காய், அங்கே பிரபுக்கள் எட்டிப் பார்க்கும் காட்சிப் பொருள். ஆடம்பரம் பொருளில் இல்லை, அது கடந்து வந்த தூரத்தில்தான் இருக்கு.

சில வருஷத்தில் பீட்டர்ஸ்பர்க்கின் நெவ்ஸ்கி வீதி 56-ம் எண்ணிலும் கடை எழுந்தது. கட்டட வடிவமைப்பு கவ்ரீல் பாரனோவ்ஸ்கி. முகப்பில் பிரம்மாண்ட கண்ணாடி, கீழே கடை, மேலே நாடக அரங்கு. 1910-ல் கிரிகோரிக்குப் பரம்பரைப் பிரபுப் பட்டமும் வந்தது. மூணே தலைமுறையில் அடிமை வீட்டிலிருந்து பிரபு வீடு!

வாரிசு இல்லாத கடை

1914-ல் கிரிகோரியின் மனைவி மரியா இறந்தார். சில வாரங்களிலேயே அவர் மறுமணம் செய்ய, பிள்ளைகள் அப்பாவோட சொத்தே வேண்டாம்னு ஒதுங்கிட்டாங்க. 1917 புரட்சியில் அந்தச் சொத்தும் போச்சு. கிரிகோரி 1949-ல் பிரான்சில் இறந்தார். மகன் செர்கேய் போன வழியே வேற: டோக்கியோ இம்பீரியல் பல்கலைக்கழகத்தில் ஜப்பானிய இலக்கியம் படித்து, பின்னாளில் ஹார்வர்டில் கிழக்காசிய ஆய்வுகளுக்கான ஹார்வர்ட்-யென்சிங் நிறுவனத்தின் முதல் இயக்குநரானார்.

கடை மட்டும் நிற்கவில்லை. மாஸ்கோ கடை 'காஸ்ட்ரோனோம் எண் 1' ஆச்சு. ஊரே வரிசையில் நின்ற சோவியத் காலத்திலும் அங்கே நல்ல சரக்கு இருந்தது, செல்வாக்கு உள்ளவங்களுக்குப் பின்வாசல் வழியாக. அதன் இயக்குநர் யூரி சொகோலோவ் 1982-ல் கைதாகி, லஞ்ச வழக்கில் மரண தண்டனை பெற்றார்; அது 1984-ல் நிறைவேற்றப்பட்டது. நல்ல குளிர்சாதன இயந்திரம் வாங்கி வைத்து, கெட்டுப்போகாத சரக்கையும் 'கெட்டது' என்று கணக்கு எழுதி மிச்சம் பிடித்தார்னு சொல்வாங்க. ஆரஞ்சு அழுகும் கணக்கில் தொடங்கிய கடை, அழுகாத கணக்கில் மாட்டிக்கொண்டது!

2021 ஏப்ரலில் அந்த மாஸ்கோ கடை மூடப்பட்டது. கடைசி நாட்களில் சரவிளக்குக்குக் கீழே அலமாரிகள் காலியாக நின்றன. பீட்டர்ஸ்பர்க் கடை புதுப்பிக்கப்பட்டு 2012-ல் மறுபடியும் திறந்தது.

இவ்வளவு பெரிய கடைகளில் எனக்கு மனசில் நிற்கிற விற்பனை, அந்த முதல் ஆரஞ்சுகள்தான். அதில் வந்த லாபத்துக்கு ஒரு மனுஷன் தன் கூடப் பிறந்தவனை வாங்கினான், விடுதலை செய்யறதுக்காக.