வயிறு குறையணுமா? மடியில் பயறு இருக்கட்டும்



பயறு அறுவடை முடிந்த சமயம், கழுகுமலையில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். கரிசல்காட்டு அண்ணாச்சி ஒருத்தர் வந்தார். ஐம்பது வயசு தாண்டியிருக்கும். கையில் ஒரு பெரிய டப்பா. பெங்களூரில் வேலை பார்க்கிற மகன் வாங்கி அனுப்பியதாம். "டாக்டர் தொந்தியைக் குறைக்கச் சொல்லிட்டாரு. சீனி எட்டிப் பார்க்குதாம். இந்தப் புரதப் பொடியைப் பாலில் கலக்கிக் குடிச்சா கொழுப்பு கரைஞ்சிரும்னு பையன் சொல்றான். குடிக்கலாமா?" என்று கேட்டார்.

விலையைக் கேட்டேன். மூவாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. அவருக்கு முன்னால் இலைத் துண்டில் ரெண்டு உளுந்த வடை, பக்கத்தில் சீனி போட்ட டீ. அந்த வாரம்தான் வீட்டுத் தேவைக்குக்கூட எடுத்து வைக்காமல், விளைந்த பாசிப்பயறு முழுவதையும் வியாபாரிக்குப் போட்டிருக்கிறார்.

டப்பாவைத் திருப்பி அதில் அச்சடித்திருந்ததைப் படித்தேன். ஒரு கரண்டிப் பொடியில் 24 கிராம் புரதம். நல்லது. 100 கிராம் பாசிப்பயறிலும் புரதம் அதே 24 கிராம்தான். இதைச் சொன்னதும் அண்ணாச்சி டப்பாவைக் கீழே வைத்துவிட்டார். அவரோடு பேசியதைத்தான் இப்போது உங்களோடும் பேசப் போகிறேன்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக் கொள்வோம். புரதம் கொழுப்பைக் கரைக்காது. எந்தப் பண்டமும் கரைக்காது. உடம்பு செலவழிக்கிறதைவிடக் குறைவாகச் சாப்பிட்டால்தான் சேர்ந்த கொழுப்பு இறங்கும். அப்படியானால் புரதம் எதற்கு? ரெண்டு காரணம் உண்டு. ஒன்று, பசி தாங்கும். ஒரு கிண்ணம் சுண்டல் சாப்பிட்டவனுக்கு அடுத்த சாப்பாட்டு நேரம் வரைக்கும் கை நடுங்காது. ரெண்டு முறுக்கைக் கடித்தவன் அரை மணி நேரத்தில் மறுபடியும் டப்பாவைத் திறப்பான். இன்னொன்று, சாப்பாட்டைக் குறைக்கும்போது உடம்பு கொழுப்பை மட்டும் எடுத்துச் செலவழிப்பதில்லை, சதையையும் சேர்த்து அரிக்கும். போதிய புரதமும் உடல் உழைப்பும் இருந்தால் சதை நிற்கும், கொழுப்பு போகும். மண்வெட்டி பிடிக்கிறவனுக்குச் சதை போய்விட்டால் என்ன மிச்சம்?

நம்ம பக்கத்துக்கு ஏன் இந்தப் பேச்சு என்று சிலர் நினைக்கலாம். தொந்தி என்பது பட்டணத்துக் கல்லாப்பெட்டிக்காரருக்கு உரியது என்று நினைத்த காலம் உண்டு. இப்போது அப்படி இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நாடு முழுவதும் நடத்திய ஆய்வு 2023-ல் வெளியானது. வயசு வந்தவர்களில் 100-க்குச் சுமார் 40 பேருக்கு வயிற்றுப் பருமன், 100-க்கு 11 பேருக்குச் சீனி வியாதி என்று அதில் கண்டிருக்கிறார்கள். கிராமமும் அந்தக் கணக்குக்குள்தான் இருக்கிறது.

கரிசல் சீமைக்கு இன்னொரு சங்கதியும் உண்டு. புரட்டாசி ஐப்பசியில் விதைப்பு, தை மாசியில் பயறு, உளுந்து, சோளம் எல்லாம் வீடு வந்து சேர்ந்துவிடும். அதற்கப்புறம் மறுமழை வரைக்கும் காட்டில் என்ன வேலை? முன்னே அந்த மாசங்களிலும் ஏர் உழவு, எரு அடிப்பு, மாட்டுக்குத் தீவனம் என்று கால் ஓயாமல் நடந்தோம். இப்போது உழவுக்கு டிராக்டர், காட்டைப் பார்க்கப் போக மோட்டார் சைக்கிள். வேலை குறைந்த மாசத்தில்தான் டீக்கடைப் பெஞ்சில் நேரம் கூடுகிறது. கம்பும் சோளமும் போய் மூணு வேளையும் அரிசி என்றாகிவிட்டது. நாமே விளைவிக்கிற பயறு வாரத்துக்கு எத்தனை நாள் நம்ம வீட்டு அடுப்பில் ஏறுகிறது?

உங்கள் வயிறு கணக்கில் எங்கே நிற்கிறது என்று பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டாம். தையற்காரரிடம் டேப்பு வாங்குங்கள். மூச்சை இழுத்துப் பிடிக்காமல் (இதில்தான் எல்லோரும் ஏமாற்றுவோம்) இடுப்பெலும்புக்கு மேலே, வயிற்றைச் சுற்றி அளவு எடுங்கள். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், அதாவது முப்பத்தைந்தரை அங்குலம். பெண்களுக்கு 80 சென்டிமீட்டர். அதைத் தாண்டினால் கவனிக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

சரி, அண்ணாச்சியின் வடைக்கு வருவோம். "உளுந்துதானே சார், அதுவும் புரதம்தானே" என்றார். உளுந்து வரைக்கும் சரிதான். ஆனால் ஒரு கிராம் புரதத்தில் 4 கலோரி, ஒரு கிராம் எண்ணெயில் 9 கலோரி. எண்ணெய்ச் சட்டியில் மிதந்து வருகிற எதுவும் புரதத்தைவிட எண்ணெயைத்தான் அதிகமாகச் சுமந்து வரும். சாத்தூர்ச் சேவும் அப்படியே. கடலை மாவில் செய்ததுதான், ஆனால் எடையில் கால் பங்குக்கு மேல் எண்ணெய் இருக்கும். ருசிக்குக் குறை சொல்லவில்லை. அதைப் புரதப் பண்டம் என்று பெயர் மாற்றிச் சாப்பிடாதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

அடுத்து அவர் கேட்டதுதான் எனக்குச் சங்கடமான கேள்வி. "அப்ப நம்ம கோவில்பட்டி கடலை மிட்டாய்?"

2020-ல் புவிசார் குறியீடு வாங்கிய பண்டம். ஊருக்கே பெருமை. நானும் வெளியூர் போனால் பை நிறைய வாங்கிக்கொண்டு போகிறவன்தான். ஆனாலும் கணக்கை மறைக்க முடியாது. நிலக்கடலை 100 கிராமில் புரதம் 25 கிராம், எண்ணெய் 40 கிராம். அதோடு வெல்லப்பாகும் சேருகிறது. கடலையும் வெல்லமும் பாதிக்குப் பாதி என்றே வைத்துக்கொள்ளுங்கள். 30 கிராம் மிட்டாயில் சுமார் 140 கலோரி, புரதம் நாலு கிராம்தான். அதே 30 கிராம் பொரிகடலை சாப்பிட்டால் சுமார் 110 கலோரி, புரதம் ஆறு ஏழு கிராம். நாள் பூராவும் களையெடுக்கிற ஆளுக்கும் ஓடியாடுகிற பிள்ளைக்கும் கடலை மிட்டாய் அருமையான தீனி. வயிற்றைக் குறைக்க நினைக்கிறவருக்கு அது இனிப்பு. இனிப்பு மாதிரியே, எப்பவாவது ஒரு துண்டு என்று இருக்கட்டும். சீனி வியாதி உள்ளவர் அதையும் தவிர்ப்பது நல்லது.

நிலக்கடலையைத் தனியாகச் சாப்பிடலாமா என்றால், தாராளமாகச் சாப்பிடலாம். அளவு மட்டும் ஒரு கைதான். மூடிய கைக்குள் அடங்குகிற அளவு, சுமார் 30 கிராம். அதிலேயே 170 கலோரி இருக்கிறது. வறுத்ததைவிடத் தோட்டோடு அவித்த கடலை நல்லது. தண்ணீர் ஏறியிருப்பதால் அதே ஒரு கைக்குக் கலோரி குறைகிறது. அதோடு, ஒவ்வொன்றாக உரித்துத் தின்கிறதுக்குள் வயிறு போதும் என்று சொல்லிவிடும். உரித்து வைத்த கடலையை ஒரு கூடை பேச்சுக்கிடையில் முடித்துவிடுகிற ஆட்கள் நம்மில் எத்தனை பேர்!

இப்போது முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டோம். பாசிப்பயறு, தட்டைப்பயறு, கொண்டைக்கடலை, கொள்ளு, மொச்சை எல்லாமே 100 கிராமுக்கு 20 கிராமை ஒட்டியோ அதற்கு மேலோ புரதம். எண்ணெயோ மிகக் கொஞ்சம். நார்ச்சத்து வேறு. ஒருத்தருக்கு ஒரு பெரிய கைப்பிடி, 40 கிராம், ராத்திரி ஊறப்போடுங்கள். காலையில் குக்கரில் அவித்து, கடுகு, வரமிளகாய் தாளிக்க ஒரு சின்னக் கரண்டி எண்ணெய் போதும். தேங்காயை அள்ளிப் போடாதீர்கள். எட்டு முதல் பத்து கிராம் வரை புரதம் கிடைக்கும். எண்ணெயோடு சேர்த்தும் சுமார் 180 கலோரிதான் வரும். தூக்குச்சட்டியில் காட்டுக்கும் கொண்டு போகலாம். பாசிப்பயறை ஈரத்துணியில் கட்டித் தொங்கவிட்டால் மறுநாள் முளைவிட்டிருக்கும். அதை லேசாக ஆவி காட்டி, வெங்காயம் நறுக்கிப் போட்டால் அடுப்பு வேலையும் மிச்சம்.

கொள்ளைப் பற்றி ஒரு வார்த்தை. இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று சொல்லி வைத்தார்கள். சரியாகத்தான் சொன்னார்கள். எள்ளில் எண்ணெய் பாதிக்குப் பக்கம், கொள்ளில் இல்லையென்றே சொல்லலாம். ஆனால் சிலர் மூணு வேளையும் வயிறு முட்டச் சோறு தின்றுவிட்டு, மேலே ஒரு டம்ளர் கொள்ளு ரசம் குடித்துவிட்டுக் கொழுப்பு கரையும் என்று காத்திருக்கிறார்கள். கரையாது. வடைக்குப் பதிலாகக் கொள்ளுச் சுண்டல் என்றால்தான் பலன்.

"சுண்டல் அவிக்க நேரம் இல்லை" என்பவர்களுக்குத்தான் பொரிகடலை. மடியில் ஒரு கை முடிந்துகொண்டு போனால் போதும். கூட ரெண்டு சின்ன வெங்காயம் கடித்துக்கொண்டால் அதன் ருசியே தனி. அவித்த முட்டை இன்னும் சுலபம். ஒரு முட்டையில் ஆறு கிராம் புரதம், 75 கலோரிக்கு மேல் போகாது. ஆம்லெட் என்று எண்ணெயில் போட்டால் கணக்கு மாறிவிடும். தாகத்துக்கு நீர்மோர். அதில் புரதம் கொஞ்சம்தான், ஆனால் கலர் சோடாவை விலக்கி வைக்கும்.

தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிற தாய்மார்கள் இதை இன்னும் கவனிக்கணும். நாள் முழுக்க உட்கார்ந்த இடத்தில் கைதான் வேலை செய்கிறது. பக்கத்தில் முறுக்குப் பொட்டலம் பிரிந்தால் நம்ம கையும் போகும். சின்னச் சம்படத்தில் வறுத்த கொண்டைக்கடலை இருந்தால் அந்தக் கை இங்கே திரும்பும்.

எவ்வளவு குறையும் என்று கேட்பீர்கள். ஒரு கிலோ உடம்புக் கொழுப்பில் சுமார் 7,700 கலோரி இருக்கிறது. ரெண்டு வடை, சீனி டீ என்றால் வடையின் அளவைப் பொறுத்து முந்நூறை ஒட்டி வரும். அதற்குப் பதில் சுண்டலோ பொரிகடலையோ, சீனி இல்லாத டீயோ என்றால் ஒரு தடவைக்கு நூறு நூற்றிருபது குறையும். காலை, சாயங்காலம் ரெண்டு வேளையும் சேர்த்தால் நாளைக்கு 200-க்கு மேல். மாசத்துக்கு ஒரு கிலோவை நெருங்கும். உடம்பு தராசு மாதிரி துல்லியமாக நடக்காதுதான், இருந்தாலும் திசை இதுதான். வடையையும் தின்று, சுண்டலையும் தின்றால் எடை ஏறத்தான் செய்யும், பிறகு என்னைத் திட்டக்கூடாது. சாயங்காலம் வெயில் இறங்கியதும் மலையைச் சுற்றி ஒரு நடை போனால் இன்னும் நல்லது.

ஒரு நாளைக்கு மொத்தம் எவ்வளவு புரதம் வேண்டும்? உடம்பு எடை 60 கிலோ என்றால் 50 கிராம் போதும். ரெண்டு கை பயறு, ஒரு முட்டை, தயிர், பருப்பு, சோற்றில் உள்ளது எல்லாம் சேர்ந்தால் அது வந்துவிடும். ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டியிலும் புரதப் பொடிகளைத் தவிர்க்கத்தான் சொல்லியிருக்கிறார்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும், பொடியானாலும் பயறானாலும், டாக்டரைக் கேட்காமல் கூட்டக்கூடாது. சீனிக்கு மாத்திரையோ ஊசியோ எடுக்கிறவர்கள் சாப்பாட்டைத் திடீரென்று குறைத்தால் மயக்கம் வரலாம். அவர்களும் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

வருகிற அறுவடையில் வியாபாரிக்கு அளந்து போடுவதற்கு முன்னால் வீட்டுக்கு வேண்டியதை எடுத்து வையுங்கள். ரெண்டு பேருக்குத் தினம் ஒரு பெரிய கைப்பிடி என்றால் வருசத்துக்கு முப்பது கிலோவுக்குள் அடங்கிவிடும். நன்றாகக் காயவைத்து, வேப்பிலை போட்டுக் கட்டினால் வண்டு அண்டாது. அண்ணாச்சி இந்த வருசப் பயறை விற்றுவிட்டதால், கழுகுமலைக் கடையிலேயே ரெண்டு கிலோ விலைக்கு வாங்கிக்கொண்டு போனார். டப்பாவை என்ன செய்ய என்று கேட்டார். பொடியை மகனுக்கே திருப்பி அனுப்பச் சொன்னேன். டப்பாவை மட்டும் வைத்துக்கொள்ளலாம். மூடி இறுக்கமாக இருக்கிறது, பொரிகடலை நமத்துப் போகாது.