அடங்கிய நோய் சீறுவது எப்போது?

முதியோரைப் பற்றும் குருதிப் புற்றுகளுள் நாட்பட்ட நிணநீரணு வகை மெல்ல நடப்பது. மருந்தின்றியே பல்லாண்டு வாழ்வோர் உளர். ஆயினும் நூற்றில் 2 முதல் 10 பேருக்கு அது கடுமையான நிணநீர்க்கணுப் புற்றாக உருமாறிவிடுகிறது. 1928இல் இதனை விவரித்த அமெரிக்க நோயியல் அறிஞர் மாரிஸ் ரிக்டரின் பெயரால் இது 'ரிக்டர் உருமாற்றம்' எனப்படுகிறது.

யாருக்கு நேரும் என்பதற்கு ஓரளவு விடையுண்டு. டிபி53, நாட்ச்1 ஆகிய மரபணுக்களில் பிறழ்வுடையோருக்கு இடர் மிகுதி. எப்போது நேரும் என்பதே கடினமான வினா. பார்சிலோனா ஆய்வாளர்கள் 2022இல் வெளியிட்ட முடிவு வியப்பூட்டுவது. உருமாறிய அணுக்களின் மரபணு அடையாளத்தை, அதே நோயாளரின் பழைய குருதி மாதிரிகளில் அவர்கள் தேடினர். உருமாற்றத்திற்கு 19 ஆண்டுகள் முன்பு எடுத்த மாதிரியிலும் அவை மிகச் சிறு எண்ணிக்கையில் இருந்தன! விதை முன்னரே விழுந்துவிடுகிறது. முளைக்கும் நாளைத்தான் குறிக்க இயலவில்லை.

ஆகவே மருத்துவர் நாள் குறிப்பதில்லை, அறிகுறி பார்க்கிறார். ஒரு கணு மட்டும் விரைந்து பருத்தல், காரணம் புலப்படாத காய்ச்சல், இரவில் மிகு வியர்வை, உடல் மெலிதல், குருதியில் எல்டிஹெச் என்னும் நொதி ஏறுதல் ஆகியவை தோன்றினால் பெட் ஸ்கேன் எடுப்பர். நோய்த்தொற்றுற்ற கணுவும் அதில் ஒளிரக்கூடும். எனவே ஸ்கேனை மட்டும் நம்பாமல், மிகுதியாக ஒளிரும் கணுவிலிருந்து திசுத் துணுக்கு எடுத்துச் சோதிப்பர்.

கத்தி பட்டால் புற்று பரவும் என்றஞ்சி இச்சோதனையைத் தள்ளிப்போடுவோர் நம்மிடையே பலர். இந்நோயில் அவ்வச்சத்திற்கு இடமில்லை. தள்ளிப்போட்ட வாரங்களிலோ கட்டி காத்திருப்பதில்லை.