டிங்சர் கேட்டீர்கள்... கற்றாழையில் இருக்கிறது பதில்!

‘செல்போனில் வரும் வீடியோக்களில் மூலிகையைப் பாட்டிலில் போட்டு, மேலே மதுவை ஊற்றி, ஒரு மாதம் ஊறவைத்து, மூலிகை டிங்சர் என்று காட்டுகிறார்கள். எங்கள் வீட்டில் மூன்று கறவை மாடுகள் இருக்கின்றன. மாட்டுக்கும் மனிதருக்கும் இதுபோல நாங்களே தயாரித்து வைத்துக்கொள்ளலாமா?’

வாசகர் ஒருவர் கேட்டிருந்த கேள்வி இது. இரண்டு வரியில் பதில் எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். இரண்டு வரியில் அடங்குகிற விஷயமாக இல்லை.

டிங்சர் நமக்குப் புது வார்த்தை அல்ல. கன்று பிறந்ததும் தொப்புள்கொடியை உடம்பிலிருந்து இரண்டு அங்குலம் விட்டு வெட்டி, பழுப்பு நிறத் தண்ணீரில் முக்கச் சொல்வார் மருத்துவர். அதுதான் டிங்சர் அயோடின். சாராயத்தில் கரைத்த அயோடின். டிங்சர் பென்சாயின் என்று இன்னொன்றும் மருந்துக் கடையில் கிடைக்கும். அது சாம்பிராணிப் பிசினைச் சாராயத்தில் கரைத்தது. சாம்பிராணிக் கட்டியைத் தண்ணீரில் எத்தனை நாள் போட்டு வைத்தாலும் அப்படியே கிடக்கும், சாராயத்தில் கரைந்துவிடும். தண்ணீருக்கு மசியாத சாரத்தை இழுப்பதும், இழுத்ததைக் கெடாமல் வைத்திருப்பதும்தான் சாராயத்தின் வேலை.

நம்மவர்களுக்கும் இது தெரியாததல்ல. அரிஷ்டம், ஆசவம் எல்லாம் இந்த வழிதான். கஷாயத்தில் வெல்லமும் காட்டாத்திப் பூவும் சேர்த்து மூடிவைத்தால், அது தானாகவே புளித்து, தனக்குத் தேவையான சாராயத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். மருந்தைச் சாராயத்தில் போடாமல், மருந்துக்குள்ளேயே சாராயத்தை வரவழைத்தார்கள்.

அப்படியானால் வீட்டில் டிங்சர் செய்யலாமா என்றால், வேண்டாம் என்பதுதான் என் பதில். சுத்தமான ஸ்பிரிட் உரிமம் இல்லாமல் கிடைக்காது. பெயின்ட் வேலைக்கு விற்கிற ஸ்பிரிட்டில் மெத்தனால் கலந்திருக்கலாம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60-க்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோனது அந்த மெத்தனால்தான். மூலிகை போட்டு ஊறவைத்தால் அது மருந்தாக மாறிவிடாது. அரிஷ்டம் வேண்டுமென்றால் சித்த, ஆயுர்வேத மருத்துவரைக் கேட்டு, அவர் சொல்லும் அளவில் வாங்கிக்கொள்ளுங்கள். அதிலும் சாராயம் உண்டு என்பதால், குழந்தைகளுக்கு நாமாக ஊற்றிக் கொடுக்கக் கூடாது.

ஆனால், கறவை மாடு வைத்திருப்பவருக்கு டிங்சர் இல்லாததால் ஒரு குறையும் இல்லை. சாரத்தை இறக்க நம் வீட்டிலேயே மூன்று பொருள்கள் இருக்கின்றன: தண்ணீர், எண்ணெய், சுண்ணாம்பு. எந்த மூலிகைக்கு எது என்று தெரிந்தால் போதும். மடிநோய் மருந்தையே எடுத்துக்கொள்வோம்.

ஆரத்தித் தட்டில் இருக்கும் ரகசியம்

மஞ்சள் தூளைத் தண்ணீரில் கலக்கிவைத்துக் கொஞ்ச நேரம் கழித்துப் பாருங்கள். தூள் அடியில் தங்கிவிடும். மஞ்சளுக்கு நிறமும் குணமும் தருகிற குர்குமின் தண்ணீரில் சரியாகக் கரைவதில்லை. அதில் துளி சுண்ணாம்பைச் சேர்த்ததும் ரத்தச் சிவப்பாக மாறுகிறதே, ஆரத்தி எடுக்கும்போது பார்க்கிறோமே, அப்போதுதான் அது தண்ணீரோடு கலக்க ஆரம்பிக்கிறது.

சோற்றுக்கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு. மடிநோய்க்கான இந்தக் கூட்டு மருந்தைக் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் தஞ்சாவூர் மரபுசார் மூலிகை மருத்துவ மையத்தில் இருந்த பேராசிரியர் புண்ணியமூர்த்தி ஊர் ஊராகக் கொண்டுபோனார். பிறகு தேசிய பால்வள வாரியமும் இதைக் கூட்டுறவுச் சங்கங்கள் வழியாகப் பரப்பியது. இந்த இதழின் வாசகர்களில் பலருக்கு மருந்தின் பெயர் தெரிந்திருக்கும். ஆனால், முறையாகச் செய்தவர்கள் குறைவு. முறை தவறிச் செய்தவர்களில் நானும் ஒருவன். அதைப் பிறகு சொல்கிறேன்.

ஒரு நாளைக்கு வேண்டியது: சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம். கற்றாழையின் முள்ளை மட்டும் சீவிவிட்டு, தோலோடு துண்டு போடுங்கள். வெற்றிலைக்குப் போடுகிற, நீர்த்த சுண்ணாம்பாக இருக்க வேண்டும். நீர்க்காத கல் சுண்ணாம்பு காம்பைப் புண்ணாக்கிவிடும். மூன்றையும் மிக்ஸியிலோ அம்மியிலோ அரைத்தால் செங்கல் நிறத்தில் விழுது வரும். விழுது சிவக்கவில்லை என்றால், மஞ்சள் தூளையோ சுண்ணாம்பையோ சந்தேகப்படுங்கள். கடையில் வாங்கும் தூளைவிட, நம் வீட்டில் இடித்த விரலி மஞ்சள் நல்லது.

முதலில் மடியைக் கழுவி, நோய் வந்த காம்பில் உள்ள பாலை முழுவதும் பீய்ச்சி எடுத்துவிட வேண்டும். அதன் பிறகு ஒரு கைப்பிடி விழுதை 150 முதல் 200 மில்லி தண்ணீரில் கரைத்து, மடி முழுக்க, நோயில்லாத காம்புகளிலும் சேர்த்துத் தடவ வேண்டும். இதை ஒரு நாளைக்கு 10 முறை, 5 நாள் விடாமல் செய்ய வேண்டும். ஒவ்வொரு முறையும் கழுவி, பீய்ச்சி, பிறகுதான் பூச்சு. தினமும் புதிதாக அரைக்க வேண்டும். கற்றாழை தண்ணீர்ச் சத்து நிறைந்தது, நேற்றைய விழுது இன்றைக்கு ஆகாது. இதோடு, நாளுக்கு இரண்டு எலுமிச்சம்பழத்தை இரண்டாக வெட்டி, மூன்று நாள் தின்னக் கொடுங்கள். பாலில் ரத்தம் கலந்து வந்தால், இரண்டு கைப்பிடி கறிவேப்பிலையை வெல்லத்தோடு அரைத்து, காலையும் மாலையும் கொடுக்கலாம்.

10 முறை என்றதும் பலர் பின்வாங்குகிறார்கள். காடு கழனிக்குப் போகிற வீட்டில் யார் பார்ப்பது? எங்கள் வீட்டிலும் அதுதான் நடந்தது. எட்டு வருடத்துக்கு முன்பு, ஜெர்ஸி கலப்பு மாடு ஒன்றுக்கு மடி கல் போல இறுகியது. கற்றாழை அரைத்துக் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று எனத் தடவினேன். தொட்டால் உதைக்கிறதே என்று பாலையும் முழுதாகப் பீய்ச்சவில்லை. உள்ளே திரிந்த பால் தங்க, மேலே பூச்சு காய்ந்தது. நான்காவது நாள் மருத்துவரை அழைத்து வந்தபோது, ‘இந்தக் காம்பு இனி உங்களுக்கு இல்லை’ என்றார். மூன்று காம்பு மாட்டைச் சந்தையில் என்ன விலைக்குக் கேட்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. மூலிகை கைவிட்டது என்று ஊரில் சொல்லிக்கொண்டேன். உண்மையில் கைவிட்டது நான்தான்.

அடுத்த ஈற்றில் வேறொரு மாட்டுக்கு வந்தது. இந்த முறை முதல் பீச்சிலேயே பிடித்துவிட்டேன். கறப்பதற்கு முன், ஒவ்வொரு காம்பிலிருந்தும் முதல் இரண்டு பீச்சை ஒரு கறுப்புத் துணியில் விட்டுப் பார்ப்பதை வழக்கமாக வைத்திருந்தேன். திரிதிரியாகப் பால் துணியில் நின்றது. வீக்கம் வரவில்லை, சூடு மட்டும் இருந்தது. அன்றைக்கே ஆரம்பித்து, அம்மாவும் மனைவியும் நானும் முறை வைத்துத் தடவினோம். மூன்றாவது நாள் திரி குறைந்தது, ஐந்தாவது நாள் பால் தெளிந்தது. காசுச் செலவு மஞ்சளுக்கு மட்டும்தான்.

இன்னொன்றும் உண்டு. ஊசி மருந்து போட்டால், மருந்துப் புட்டியில் குறித்திருக்கும் நாள் வரை அந்த மாட்டுப் பாலை யாருக்கும் ஊற்றக் கூடாது. கற்றாழைப் பூச்சுக்கு அந்த இழப்பு இல்லை. ஆனாலும், நோயுள்ள காம்பின் பாலைச் சொசைட்டி கேனில் சேர்க்காதீர்கள். கொட்டிலிலும் கொட்டாதீர்கள், அடுத்த மாட்டுக்கு அங்கிருந்துதான் போகும். தள்ளிக் குழி தோண்டி ஊற்றுங்கள். நல்ல காம்புகளையும் பூச்சு போகக் கழுவி, துடைத்த பிறகே கறக்க வேண்டும்.

திரியில் தெரியும் பதம்

அடுத்தது எண்ணெய். கொம்பு உரசல், நுகத்தடிப் புண், கம்பி கிழித்த காயம் என்று எல்லா வீட்டிலும் ஒரு பாட்டில் இருக்க வேண்டிய மருந்து இது. குப்பைமேனி, வேப்பிலை, துளசி, மருதாணி இலை ஒவ்வொன்றிலும் ஒரு கைப்பிடி, பூண்டு 10 பல், மஞ்சள் தூள் 20 கிராம். எல்லாவற்றையும் அரைத்து, 250 மில்லி தேங்காய் எண்ணெய் அல்லது நல்லெண்ணெயில் கலந்து, சிறு தீயில் காய்ச்ச வேண்டும்.

இதில் பதம்தான் முக்கியம். இலையில் தண்ணீர் இருக்கும்வரை எண்ணெய் சடசடக்கும். சத்தம் அடங்கி, அடியில் உள்ள கல்கத்தை விரலால் உருட்டினால் மெழுகுபோலத் திரள வேண்டும். சந்தேகம் இருந்தால், ஒரு பஞ்சுத் திரியை நனைத்துத் தள்ளிவைத்துக் கொளுத்துங்கள். வெடிக்காமல் எரிந்தால் தண்ணீர் இல்லை என்று அர்த்தம். தண்ணீர் தங்கிய எண்ணெய் சில நாளில் சிக்கு வாடை அடிக்கும், பூஞ்சணம் பிடிக்கும். ஈரமில்லாத கண்ணாடிப் பாட்டிலில் வடிகட்டி, காய்ச்சிய தேதியை எழுதி ஒட்டுங்கள். ஈரக் கையைப் பாட்டிலுக்குள் விடக் கூடாது.

காயத்தைக் கழுவித் துடைத்துவிட்டுத் தடவுங்கள். புழு வைத்திருந்தால், முதல் நாள் மட்டும் சீத்தா இலையை அரைத்து வைக்கலாம், அல்லது கற்பூரம் கரைத்த தேங்காய் எண்ணெயை விடலாம். புழு வெளியேறிய பிறகு மூலிகை எண்ணெய்க்கு வந்துவிடுங்கள். சீத்தா விதையை இடிக்கிற வேலை வேண்டாம், தூள் கண்ணில் பட்டால் கண்ணுக்கே ஆபத்து.

தண்ணீரில் இறக்குவதற்குப் பயிரிலிருந்தே ஓர் உதாரணம் இருக்கிறது. இரவு முழுக்க ஊறவைத்து வடிகட்டும் 5 சதவிகித வேப்பங்கொட்டைக் கரைசலை அன்றன்றைக்கே அடித்துவிடுகிறோம் அல்லவா? கஷாயமும் இலைச்சாறும் அப்படித்தான். பாட்டிலில் அடைத்து வைக்க நினைக்காதீர்கள்.

எப்போது மூலிகையை நிறுத்த வேண்டும்?

மாடு தீவனத்தைத் தொடவில்லை, உடம்பு கொதிக்கிறது அல்லது காது சில்லிட்டுப் போய்விட்டது, மடி நீலம் பாரிக்கிறது, பால் தண்ணீராக வருகிறது, படுத்தது எழுந்திருக்கவில்லை. இதில் ஒன்றைப் பார்த்தாலும், அரைத்துக்கொண்டு உட்காராதீர்கள். விஷம் ரத்தத்தில் ஏறிவிட்ட மடிநோயில் கணக்கு நாளில் இல்லை, மணியில் இருக்கிறது. 1962 எண்ணுக்கு அழையுங்கள், நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தி வரும். மருத்துவரிடம் இதுவரை என்ன தடவினீர்கள், எத்தனை நாள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். மூலிகை என்றால் கோபப்படுவாரோ என்று பலர் சொல்லாமல் விடுகிறார்கள். சூடு இல்லாத சாதாரண மடிநோயிலும்கூட, இரண்டு நாளில் திரி குறையவில்லை என்றால் மருத்துவரைப் பார்த்துவிடுவது என் வழக்கமாகிவிட்டது.

கடைசியாக, கேள்வி கேட்ட வாசகருக்கு ஒரு கணக்கு. ஐந்து நாள் வைத்தியத்துக்கு ஒன்றேகால் கிலோ கற்றாழை, கால் கிலோ மஞ்சள் தூள், 75 கிராம் சுண்ணாம்பு, 6 எலுமிச்சை வேண்டும். மூன்று மாடு வைத்திருக்கிறீர்கள். கொட்டிலின் கழிவுநீர் நேரடியாகப் பாயாத ஓரமாகப் பார்த்து, பத்துக் கற்றாழைக் கன்றுகளை ஓர் அடி இடைவெளியில் இப்போதே நட்டுவிடுங்கள். தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொண்டால், அதுவே பக்கக் கன்று விட்டுப் பெருகும்.