ஊக்கியும் காபன் நுண்குழாயும்

காபன் அணுக்கள் வலைபோற் பின்னிய தாளொன்றைச் சுருட்டினாற் போன்றது காபன் நுண்குழாய். ஒற்றைச் சுவர்க் குழாயின் விட்டம் ஏறத்தாழ ஒரு நனோமீற்றர். மில்லிமீற்றரொன்றைப் பத்து இலட்சமாகப் பகுத்தால் வரும் ஒரு பங்கு. 1991இல் யப்பானிய அறிஞர் சுமியோ ஈஜிமா பல சுவர்க் குழாய்களை விவரித்தார். 1993இல் ஒற்றைச் சுவர்க் குழாய்களைத் தந்தவை, ஊக்கிகளாகச் சேர்க்கப்பட்ட இரும்பும் கோபாற்றுமே.

ஊக்கி செய்வது யாது? சூடேறிய உலையில் எதிலீன் போன்ற வாயு செலுத்தப்படுகிறது. அது இரும்புத் துகளின் மேற்பரப்பிற் சிதைந்து காபனை விடுகிறது. துகள் அக்காபனை உட்கொள்கிறது. கொள்ளளவு நிரம்பியதும் குழாயாக வெளியே தள்ளுகிறது. இடியப்பத்தின் பருமனை உரலின் துளை தீர்மானிப்பதுபோல, குழாயின் பருமனைத் துகளின் பருமன் பெரிதும் தீர்மானிக்கிறது. உவமை முற்றும் பொருந்தாது. துகளில் துளை ஏதுமில்லை. ஆயினும், சூட்டினால் துகள்கள் ஒன்றோடொன்று கூடிப் பருத்துவிட்டால் குழாய்களும் பருத்துவிடும் என்பதை அது விளக்கும்.

இதனினும் பெரிய இடர், ஊக்கியின் மரணம். ஒழுங்கற்ற காபன் கரிபோற் படிந்து துகளை மூடிவிடுகிறது, வாயு அதனை அணுகாது, வளர்ச்சி நின்றுவிடும். உலையில் ஈரம் புகலாகாதென்று ஆய்வாளர் பலர் அஞ்சியிருக்க, 2004இல் யப்பானில் கெஞ்சி ஹாட்டா குழுவினர் மிகச் சிறிதளவு நீராவியை வேண்டுமென்றே சேர்த்தனர். நீராவி அப்படிவை அகற்றியது. பத்தே நிமிடத்தில் குழாய்கள் 2.5 மில்லிமீற்றர் உயரத்துக்குக் காடுபோல் எழுந்தன! அளவு மிஞ்சினால் அந்நீராவியே வளர்ச்சிக்குக் கேடு செய்யும்.