பூட்டுக்கு முன் எண்ணவேண்டிய நாள்கள்

1690-இல் ஆங்கிலேயக் கம்பெனி தேவனாம்பட்டினம் கோட்டையை மராட்டியரிடமிருந்து வாங்கியபோது, பீரங்கிக் குண்டு விழும் தூரம்வரை உள்ள நிலமும் அதன் வசமாயிற்று. அந்த ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர் வந்தது. இன்று அதே ஊரில் ஒரு வாடகை வீட்டின் வசத்தை மாற்ற 15 நாள், 1 மாதம், 6 மாதம் எனச் சட்டம் காலத்தால் எல்லை வகுத்திருக்கிறது. இந்தக் காலக்கணக்கு தெரியாத இடத்தில்தான் “நாளைக்கே காலி பண்ணு” என்ற மிரட்டல் செல்லுபடியாகிறது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்தியக் குடும்பங்களில் 11.1 சதவீதம் வாடகை வீடுகளில் வசித்தன. நகர்ப்புறங்களில் மட்டும் இது 27.5 சதவீதம். அதாவது நகரங்களில் 4 குடும்பங்களுக்கு ஒன்றுக்கு மேல்.

தமிழ்நாட்டில் 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், முன்பணத்துக்கு 1 மாத வாடகையை உச்சவரம்பாக வைத்தது. 22.02.2019 அன்று நடைமுறைக்கு வந்த 2017-ஆம் ஆண்டுச் சட்டம், வேறு ஒப்பந்தம் இல்லாத நிலையில் 3 மாத வாடகையை வரம்பாக்கியது. மத்திய அமைச்சரவை 02.06.2021 அன்று ஏற்ற மாதிரிச் சட்டத்தில் வீடுகளுக்கு 2 மாதம். நடைமுறையில் 10 மாத அட்வான்ஸ் கேட்பது தமிழக நகரங்களுக்குப் புதிதல்ல.

கணக்குக்காக மாத வாடகை ரூ.5,000 என்று வைத்துக்கொள்வோம். 2017 சட்டப்படி வாடகைப் பாக்கி 2 மாதத்தை எட்டினால் உரிமையாளர் வாடகை நீதிமன்றத்தை அணுகலாம். பாக்கித் தொகை ரூ.10,000. நோட்டீஸ் கிடைத்த 1 மாதத்துக்குள் பாக்கியை வட்டியுடன் கட்டிவிட்டால், அந்தக் காரணத்துக்காக வெளியேற்ற உத்தரவு கிடையாது. அந்த மாதத்துக்கும் ரூ.5,000 சேர்த்தால் ரூ.15,000. இது 3 மாத அட்வான்ஸுக்குச் சமம். 10 மாத அட்வான்ஸ் வாங்கியிருந்தால், இதைக் கழித்த பிறகும் உரிமையாளர் கையில் ரூ.35,000, அதாவது 70 சதவீதம், மிஞ்சும். வழக்கு நீண்டால் இதுவும் கரையும் என்பது உண்மை. ஆனால் பூட்டுப் போடும் அன்று, பெரும்பாலும் கடன்பட்டிருப்பவர் வீட்டுக்காரர்தான்: குடித்தனக்காரர் காலி செய்தபின் மீதி அட்வான்ஸை 1 மாதத்துக்குள் அவர் திருப்பித் தரவேண்டும்.

மிரட்டல் எப்போதும் பூட்டாக வருவதில்லை. மாடித் தொட்டிக்கு மோட்டார் போடாமல் விடுவது, மீட்டர் பெட்டியில் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி வைத்துக்கொள்வது ஆகியவை செலவில்லாத வழிகள். 2017 சட்டத்தின் 20-ஆம் பிரிவு இவற்றைத் தடை செய்கிறது. குடியிருப்பவர் விண்ணப்பித்தால், விசாரணை முடியும் முன்பே இணைப்பைத் திரும்பக் கொடுக்க வாடகை அதிகாரி உத்தரவிடலாம். அந்த அதிகாரி துணை ஆட்சியர் பதவிக்குக் குறையாதவர். பராமரிப்பு பார்க்க உள்ளே நுழைவதற்கும் 24 மணி நேர முன்னறிவிப்பு தேவை.

11 மாத ஒப்பந்தம் தனிக் கணக்கு. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டப்படி 1 ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்குப் பதிவு கட்டாயம் என்பதால் பிறந்த வழக்கம் அது. புதிய சட்டம் எந்தக் கால அளவுக்கும் எழுத்து ஒப்பந்தமும் வாடகை அதிகாரியிடம் பதிவும் கேட்கிறது. ஒப்பந்தம் எழுதாததே வெளியேற்றக் கோருவதற்கு ஒரு காரணமாகலாம். அப்போதும் கோரவேண்டிய இடம் வாடகை நீதிமன்றம். பழைய 1882 சட்டம் பொருந்தும் மாத வாடகைக்கும் 15 நாள் நோட்டீஸ் உண்டு.

நோட்டீஸும் உத்தரவும் இல்லாமல் வெளியேற்றப்பட்டவருக்கு 1963-ஆம் ஆண்டின் குறித்தவகைத் துயர்துடைப்புச் சட்டம், 6-ஆம் பிரிவில், 6 மாதம் தருகிறது. அதற்குள் வழக்குப் போட்டால் நீதிமன்றம் சொத்து யாருடையது என்று பார்க்காது. வசத்தில் யார் இருந்தார் என்றே பார்க்கும். அந்தத் தீர்ப்புக்கு மேல்முறையீடு இல்லை. 1989-இல் கிருஷ்ணராம் மகாலே வழக்கில், உரிமக் காலம் முடிந்தும் உணவகத்தை நடத்திவந்தவரைக்கூடச் சட்டவழியின்றி வெளியேற்ற முடியாது என்றது உச்ச நீதிமன்றம்.

தண்டனைக் கணக்கும் மாறியுள்ளது. 01.07.2024 முதல், ஒருவரைச் சட்டவிரோதமாகத் தடுத்து நிறுத்துவதற்கான அபராத உச்சவரம்பு ரூ.500-இலிருந்து ரூ.5,000 ஆயிற்று: 10 மடங்கு. பிறர் வசமுள்ள வீட்டில் அத்துமீறி நுழைவதற்கு ரூ.1,000 என்பது ரூ.5,000: 5 மடங்கு, சிறை 1 ஆண்டு வரை. ரூ.5,000 வாடகை வீட்டில் இது ஒரு மாத வாடகை.

பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி உண்டு. தொலைபேசி எண் 15100. வாடகை ரசீதையும் மின்கட்டண ரசீதையும் பத்திரப்படுத்துங்கள். பூட்டு விழுந்தால் முதலில் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். 6 மாதம் அன்றிலிருந்தே ஓடத் தொடங்குகிறது.