ஆலை மூடினாலும் கார் ஓடும்!

சென்னையிலிருந்து திண்டிவனம் செல்லும் பெருஞ்சாலையில், செங்கல்பட்டைத் தாண்டிப் பாலாற்றைக் கடந்தால் படாளம் வரும். கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருக்கும் ஊர். வேடந்தாங்கலுக்குப் பறவை பார்க்கப் போகிறவர்கள் இங்கே திரும்புவார்கள்.

படாளம் கூட்டு ரோட்டில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். பளபளக்கும் புதுக் கார்கள் பறக்கும். நடுநடுவே, பின்னால் டிக்கியை நீட்டிக்கொண்டு, வயதான நடுத்தரக் கார்களும் போகும். "செடான்" என்கிறார்களே, அந்த ரகம்! ஃபோர்டு கம்பெனியின் "ஐகான்", "ஃபியஸ்டா" கார்களும் அந்த ரகந்தான்.

அவற்றுக்கு ஒரு விசேஷம் உண்டு. அவை பிறந்த வீடு, இங்கிருந்து சுமார் 30 கிலோ மீட்டர் வடக்கே, மறைமலை நகரில் இருக்கிறது. ஆனால் அந்த வீட்டில் இப்போது கார் பிறப்பதில்லை!

ஒரே சாலை, இரண்டு ஆலை

இந்தச் சாலைக்கு இது புதிதல்ல. முன்பு வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் ஆலை இருந்தது. 1961-ல் அது "ஹெரால்டு" காரைக் கொண்டுவந்தது. 1985-ல் "ஸ்டாண்டர்டு 2000" என்ற பெரிய கார் வந்தது. அது விலை போகவில்லை. 1988-ல் ஆலை மூடப்பட்டது.

பிறகு மறைமலை நகரில் ஃபோர்டு வந்தது. 1999-ல் "ஐகான்"; 2005-ல் "ஃபியஸ்டா". 2021 செப்டம்பர் 9-ந் தேதி, இந்தியாவில் கார் செய்வதை நிறுத்தப்போவதாக அந்தக் கம்பெனி அறிவித்தது. 2022-ல் மறைமலை நகரில் கார் உற்பத்தி நின்றது. 2025 அக்டோபரில், 3,250 கோடி ரூபாயில் ஆலையை மறுபடி நடத்தத் தமிழக அரசோடு ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. ஆனால் 2029-ல் அங்கே செய்யப்போவது எஞ்சின். கார் அல்ல!

ஆலை மூடுகிறது என்றால், கார் வைத்திருப்பவருக்கு வயிற்றில் புளி கரைக்காதா? "உதிரி பாகம் கிடைக்குமா? வந்த விலைக்குத் தள்ளிவிடலாமா?" என்று மனம் அலையும்.

அவசரம் வேண்டாம். காரின் ஆயுளில் பாதிதான் அதைச் செய்தவன் கையில். மீதிப் பாதி, வைத்திருப்பவர் கையில் இருக்கிறது. எந்தக் கம்பெனிக் காருக்கும் இது பொருந்தும்.

முதல் எதிரி, சூடு

எஞ்சினைச் சீக்கிரம் கெடுப்பது சூடு. ரேடியேட்டரில் ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீரை ஊற்றுகிறவர்கள் பலர். உப்புத் தண்ணீரைக் காய்ச்சிய பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறதே, அதேபோல ரேடியேட்டருக்குள்ளும் படியும். வழி அடைபடும். எஞ்சின் கொதிக்கும். சிலிண்டர் ஹெட் வளைந்துவிட்டால் செலவு ஆயிரத்தில் நிற்காது.

கம்பெனி சொன்ன "கூலன்ட்" திரவத்தை மட்டும் ஊற்றுங்கள். குறித்த காலத்தில் மாற்றுங்கள். சூட்டு முள் மேலே ஏறினால், வீடு பக்கந்தானே என்று ஓட்டாதீர்கள். நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிடுங்கள். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது. கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

எஞ்சின் ஆயிலைக் கையேட்டில் சொன்ன கிலோ மீட்டரில் மாற்றவேண்டும். கார் அதிகம் ஓடாவிட்டாலும் ஆண்டுக்கு ஒரு முறை மாற்றுவது நல்லது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை அதையும் மாற்றுங்கள்.

சில எஞ்சின்களில் "டைமிங் பெல்ட்" உண்டு. அது ரப்பர். நன்றாகத்தானே இருக்கிறது என்று விட்டுவைத்தால், ஒரு நாள் நடுரோட்டில் அறுந்து, பிஸ்டனும் வால்வும் மோதிக்கொள்ளக்கூடும். கெடு வந்ததும் மாற்றிவிடுங்கள்.

கடலும் காரும்

மாமல்லபுரம் போய்க் கடற்கரையில் காரை நிறுத்திவிட்டுக் காற்று வாங்குவது நமக்குச் சுகம். காருக்கு அல்ல! கடல் காற்றிலே உப்பு இருக்கிறது. அது இரும்பைத் தின்னும்.

கதவின் அடிப்பக்கத்தில் தண்ணீர் வடியச் சிறு துளைகள் இருக்கும். மணல் அடைத்துக்கொண்டால் உள்ளே ஈரம் தங்கும். வெளியே பெயிண்ட் பளபளக்கும்போதே உள்ளே துரு வேலை செய்யும். ஆகவே கடற்கரைக்குப் போய் வந்த மறுநாளே, நல்ல தண்ணீரால் காரின் அடிப்பாகத்தைக் கழுவுங்கள். துளைகளைத் திறந்துவிடுங்கள்.

கரும்பிலிருந்து வரும் பெட்ரோல்

படாளத்துக்காரர்களுக்குக் கரும்பைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. கரும்பிலிருந்து எடுக்கும் எத்தனால் இன்று பெட்ரோலில் கலக்கப்படுகிறது. நூற்றுக்கு 20 பங்கு கலப்பு என்ற இலக்கை நாடு 2025-ல் எட்டியது.

2023 ஏப்ரல் முதல் வந்த கார்கள் இந்தப் பெட்ரோலைத் தாங்கும்படி செய்யப்பட்டவை. அதற்கு முந்திய பல கார்கள் அப்படி அல்ல. எத்தனால் ஈரத்தை இழுக்கும்; பழைய ரப்பர் குழாய்களைக் கெடுக்கும்; மைலேஜும் சற்றுக் குறையும். மெக்கானிக்கிடம் பெட்ரோல் குழாய்களைப் பார்க்கச் சொல்லுங்கள். வெடித்திருந்தால் எத்தனாலைத் தாங்கும் குழாய் போடுங்கள். டாங்கில் பெட்ரோலை விட்டு மாதக் கணக்கில் காரை நிறுத்தாதீர்கள். வாரம் ஒரு முறையாவது அரை மணி நேரம் ஓட்டுங்கள்.

உதிரி பாகம்

ஃபில்டர், பிரேக் பேடு, கிளட்ச் பிளேட்டு போன்றவற்றை வேறு கம்பெனிகளும் செய்கின்றன. கிடைப்பது கடினமாவது விளக்கு, பம்பர், மின்னணுப் பெட்டி போன்றவைதான். அவை கண்ணில் பட்டால் வாங்கி வையுங்கள். ரப்பர் சாமான்களைச் சேர்த்து வைக்கவேண்டாம். அலமாரியிலும் அவற்றுக்கு வயதாகும்.

டயருக்கும் வயது உண்டு. அதன் பக்கவாட்டில் நான்கு எண்கள் இருக்கும். "3519" என்றால் 2019-ம் ஆண்டு 35-வது வாரத்தில் செய்தது. பட்டை தேயாவிட்டாலும், ஆறு வயதைத் தாண்டிய டயரை நம்பாதீர்கள்.

ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். தேதி, கிலோ மீட்டர், மாற்றிய சாமான், கொடுத்த பணம் எல்லாவற்றையும் எழுதுங்கள். மெக்கானிக் மாறினாலும் நோட்டு பேசும்.

சட்டம் என்ன சொல்கிறது?

சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டுக்குச் செல்லும். பிறகு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் காரைக் காட்டி, ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்கவேண்டும். 2022 ஏப்ரலில் இதற்கான கட்டணம் 5,000 ரூபாயாக உயர்ந்தது. 20 ஆண்டைத் தாண்டிய காருக்கு 2025-ல் 10,000 ரூபாய் ஆயிற்று. பசுமை வரி தனி. கெடு முடியுமுன் போவதே நல்லது.

எப்போது விடை கொடுப்பது?

ஒரு கணக்குப் பார்ப்போம். புதுக் காருக்கு 8 லட்சம் கடன், 9 சத வட்டி, 7 ஆண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதத் தவணை ஏறக்குறைய 12,900 ரூபாய். வட்டி மட்டுமே 2 லட்சத்து 80 ஆயிரம்! பழைய காரின் ஓராண்டுப் பழுதுச் செலவு இந்த மூன்று தவணைக்குள் அடங்கினால், அதை வைத்துக்கொள்வதே லாபம்.

ஆனால் பணத்தை மட்டும் பார்த்தால் போதாது. கார் ஓட்டுகிறவருக்குக் காற்றுப் பை 2019 ஜூலையில்தான் கட்டாயமாயிற்று. அதற்கு முந்திய கார்கள் பலவற்றில் அது இல்லை. ஆகவே பின்னால் உட்காருகிறவர் உள்பட எல்லோரும் பெல்ட் போடுங்கள். ஆக்சிலரேட்டரில் காலைச் சற்று இலேசாக வையுங்கள்.

அடிச்சட்டத்தைத் துரு அரித்துவிட்டால் மட்டும் தயங்காதீர்கள். எஞ்சின் எவ்வளவு இனிமையாகப் பாடினாலும், அந்தக் காரில் பிள்ளைகளை ஏற்றக் கூடாது. விடை கொடுத்துவிடுங்கள். மற்றக் கோளாறுகளுக்கெல்லாம் மருந்து உண்டு. அது நேரத்தில் செய்யும் சின்னச் செலவு!